பேனா பிடித்த பீரங்கித் தளபதி

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர்களைப் பற்றி நம்மவர்கள் ஓரளவு அறிவர். ஆனந்தரங்கம்பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு டூப்ளே நெருங்கிப் பழகிய ஒருவரைப் போலவே தோன்றுவார். ஆனால், அப்பதவிக்கு நியமனம் பெற்றும் கப்பலேறாமலே போய்விட்ட ஒருவரைப் பற்றி நமது பள்ளிக்கூட வரலாற்று நூல்கள் பேசுவதில்லை. 1792ஆம் ஆண்டின் இறுதியிலே, அரசனை அரியணையினின்றும் இறக்கிய பிரெஞ்சுக் குடியரசு, தன் இந்தியக் குடியேற்றங்களுக்கு ஆளுநராகப் பீரங்கிப்படைத் தளபதி ஒருவரை நியமித்தது. பியேர் ஷொடெர்லோ த லக்லோ என்பது அவர் பெயர். படை வரலாறு படிப்பவர்கள் இப்பெயரை ஏதேனுமோர் அடிக்குறிப்பிலே காணக்கூடும். இலக்கியம் படிப்பவர்களுக்கோ இது பிரெஞ்சு நாவலின் வரலாற்றில் ஒதுக்கிவிட முடியாத பெயர்.

அவர் எழுதி முடித்த நாவல் ஒன்றே ஒன்று. 'ஆபத்தான உறவுகள்' என நாம் தமிழிற் சொல்லத்தக்க அந்நூல் 1782இல் வெளிவந்தது. பெண்களை வசப்படுத்திக் கெடுப்பதையே ஒரு கலையாகப் பயின்ற வால்மோன் என்னும் பிரபுவும், அவனிலும் கூரிய அறிவு படைத்த மெர்த்தேய் என்னும் சீமாட்டியும் கூடிச் செய்யும் சூழ்ச்சிகளே அதன் கதை. உயர்வகுப்பு மாணவர்களுக்கு மேனாட்டு நாவலின் வளர்ச்சியைப் பற்றி ஒருமுறை நான் எடுத்துரைத்தபோது, இப்படியொரு நூலை எழுதியவர் எத்தகைய மனிதராய் இருந்திருப்பார் என்று அவர்களுள் ஒருவர் வினவினார். அந்த வினாவில் ஆர்வத்தைக் காட்டிலும் அருவருப்பே மிகுந்திருந்தது. லக்லோவின் காலத்தவர்களும் இதே வினாவை இதே குரலிலேதான் எழுப்பினார்கள். அதற்கு விடை காண விரும்புவோர் நாவலைச் சற்று மூடி வைத்துவிட்டு, அவர் சீருடை அணிந்து கழித்த ஆண்டுகளை முதலிலே பார்ப்பது நன்று.

பிரான்சின் வடபுறத்திலுள்ள அமியென் நகரிலே 1741ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆந் திகதி லக்லோ பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். குடும்பத்துக்குப் பிரபுப் பட்டம் உண்டெனினும் அது அண்மையிற் கிடைத்தது. பழங்குடிப் பிரபுக்கள் அதனை ஒரு பட்டமாகவே மதியார். அக்காலப் பிரெஞ்சுப் படையிலே குதிரைப்படைக்கும் காலாட்படைக்கும் அதிகாரியாக வேண்டுமாயின் குலமும் பணமும் வேண்டும். பீரங்கிப்படை மட்டும் வேறுவகையானது. குண்டு பறந்து செல்லும் வளைகோட்டைக் கணிப்பதற்குப் பாட்டனின் பெயர் உதவாது, கேத்திரகணிதம் வேண்டும். ஆகவே நடுத்தரக் குடும்பங்களில் பிறந்த அறிவாற்றலுள்ள பிள்ளைகள் அப்படையை நாடினர். லக்லோ 1760இல் லா பேர் என்னும் ஊரிலுள்ள பீரங்கிப் பாடசாலையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டே இளநிலை லெப்டினன்றாக வெளிவந்தார். வயது இருபது நிரம்பவில்லை.

நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏழாண்டுப் போர் என்று வரலாறு கூறும் அப்போரில் பிரான்சு எங்கும் தோற்றுக்கொண்டிருந்தது. லாலியின் தலைமையில் நின்ற புதுச்சேரி 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அத்தோல்விக்காக லாலி ஐந்தாண்டுகளின் பின் பாரிசிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். கடல்கடந்த நாடுகளிலேதான் புகழ் தேடலாம் என்று கருதிய இளைஞர் லக்லோ, குடியேற்ற நாடுகளுக்கென அமைக்கப்பட்ட படைப்பிரிவிற் சேர்ந்து, மேற்குக் கடற்கரையிலுள்ள லா ரொஷெல் துறைமுகத்திலே கப்பலுக்குக் காத்திருந்தார். கப்பல் வருமுன் சமாதானம் வந்துவிட்டது. 1763இல் பாரிசு உடன்படிக்கை கைச்சாத்தானது. அவருடைய படைப்பிரிவுக்கு வேலையில்லாமற் போயிற்று. கீழைக்கடல்களை நோக்கிய அவருடைய பார்வை முதன்முறையாகத் தடைப்பட்டது இங்கேதான்.

அதன் பிறகு அவர் வாழ்க்கை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே தாளத்தில் நடந்தது. தூல், ஸ்திராஸ்பூர், கிரெனோபிள், பெசான்சோன் எனப் படைநிலையங்கள் மட்டும் மாறின. காலையில் அணிவகுப்பு, பின்னர் பீரங்கிப் பயிற்சி, கணக்குப் புத்தகங்கள், மாலையிலே ஊர்ப் பெரியவர்களின் வரவேற்பறைகளில் சீட்டாட்டமும் வம்பளப்பும். பீரங்கிப்படையிலே பதவி உயர்வு பெரும்பாலும் சேவைக்கால வரிசைப்படியே கிடைத்தது. போர் இல்லாத காலத்தில் மேலே உள்ளவர் சாவதுமில்லை, கீழே உள்ளவர் உயர்வதுமில்லை. 1771இல் கப்டன் ஆன லக்லோ, பதினேழு ஆண்டுகள் கப்டனாகவே இருந்தார்! ஆசிரியத் தொழிலிலே தரமுயர்வுக்குக் காத்திருந்தவர்கள் இதன் வேதனையை விளக்கமின்றியே உணர்வர்.

ஆயினும் அவர் சேர்ந்திருந்த படை தேங்கிக் கிடந்த படையன்று. 1765 தொடங்கிக் கிரிபோவால் என்னும் தளபதி பிரெஞ்சுப் பீரங்கிகளை அடியோடு மாற்றி அமைத்தார். போர்க்களப் பீரங்கிகளின் எடையைக் குறைத்தார். சில்லுகளையும் அச்சுகளையும் ஒரே அளவினவாக்கினார். ஒரு வண்டியின் உறுப்பு முறிந்தால் மற்றொன்றின் உறுப்பைப் பொருத்தலாம் என்ற நிலையை உண்டாக்கினார். பின்னாளில் நெப்போலியன் ஐரோப்பாவை உலுக்கியது இந்தப் பீரங்கிகளைக் கொண்டேயாகும். வழிவழி வந்த முறை என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல், அளந்து பார், சோதித்துப் பார், வேண்டாததை வெட்டியெறி என்னும் மனப்பாங்கு அக்காலப் பீரங்கி அதிகாரிகளிடம் ஊறியிருந்தது. லக்லோ அம்மனப்பாங்கின் பிள்ளை.

ஓய்வு நேரத்தில் அவர் கவிதை எழுதினார். இலேசான வேடிக்கைக் கவிதைகள். அவற்றை இன்று படிப்பவர் அரிது. இசைநாடகம் ஒன்றும் எழுதினார். 'ஏர்னெஸ்தீன்' என்னும் அந்நாடகத்துக்கு இசையமைத்தவர் கரிபியத் தீவுகளிலே அடிமைப் பெண்ணொருத்தியின் மகனாய்ப் பிறந்து பாரிசிற் புகழ்பெற்ற சேன் ஜோர்ஜ் என்பவர். 1777 ஜூலை 19ஆந் திகதி அரசி மாரி அந்துவானெத் முன்னிலையில் அது மேடையேறியது, அன்றே மடிந்தது. அதே ஆண்டில், வலான்ஸ் நகரிலே புதிய பீரங்கிப் பாடசாலையொன்றை நிறுவும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடகத்திலே தோற்றவர் பாடசாலைப் பணியைச் செவ்வனே முடித்தார். எட்டாண்டுகளின் பின் அப்படைநிலையத்துக்குப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இளநிலை லெப்டினன்றாக வந்து சேர்ந்தான். அவன் பெயர் நெப்போலியன் பொனபார்ட்.

1779இல் லக்லோவுக்கு வேறொரு பணி கிடைத்தது. அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரிலே பிரான்சும் ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கியிருந்தது. தோழர்கள் பலர் அத்திலாந்திக்கைக் கடந்து போருக்குப் போனார்கள். லக்லோவோ பிரெஞ்சுக் கரையை அடுத்துள்ள எக்ஸ் என்னும் சிறு தீவிலே கோட்டை கட்ட அனுப்பப்பட்டார். ரொஷ்போர் கடற்படைத் தளத்தின் வாயிலைக் காக்கும் தீவு அது. 1757இல் ஆங்கிலேயர் வந்து அங்கிருந்த கோட்டையை அழித்துப் போயிருந்தனர். மொந்தலம்பேர் என்னும் முதிய பிரபு, மரத்தினாலே புதுமுறைக் கோட்டையொன்றை எழுப்பி அத்தீவைக் காப்பதாக ஏற்றுக்கொண்டார். கொத்தளங்களை நம்பியிருந்த பழைய முறைக்கு மாறாக, அடுக்கடுக்காகப் பீரங்கிகளை நிறுத்தி எதிரியை நெருங்கவிடாமலே அடிப்பது அவர் முறை. இத்தனை பீரங்கிகள் ஒருசேர முழங்கினால் மரக்கோட்டை தன் அதிர்விலேயே சரிந்துவிடும் என எதிர்க்கட்சியார் நகைத்தனர். சோதனைக்காகச் சுட்டுப் பார்த்தபோது கோட்டை அசையவில்லை. அதன் அன்றாட வேலைகளை மேற்பார்வை செய்தவர் லக்லோ.

ஆங்கிலக் கப்பல்கள் வரவேயில்லை. உப்புக்காற்று வீசும் அத்தீவின் நீண்ட இரவுகளிலேதான், முன்னரே தொடங்கியிருந்த நாவலின் பெரும்பகுதியை அவர் எழுதினார். பின்னர் விடுமுறை பெற்றுப் பாரிசுக்குப் போய் முடித்தார். 1782ஆம் ஆண்டின் வசந்தத்திலே நான்கு சிறு தொகுதிகளாக நூல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 2000 படிகளும் ஒரே மாதத்திற்குள் விற்று முடிந்தன.

நூல் முழுவதும் கடிதங்கள், 175 கடிதங்கள். ரூசோவின் கடித நாவலை லக்லோ பெரிதும் போற்றியவர். வடிவத்தை அங்கிருந்தே எடுத்தார். ஆனால் ரூசோவின் காதலர்கள் நெஞ்சைத் திறந்து எழுதுகிறார்கள். லக்லோவின் பாத்திரங்கள் நெஞ்சை மறைக்கவே எழுதுகிறார்கள். ஒவ்வொரு கடிதமும் ஒரு குறியை நோக்கி எய்யப்படுகிறது. எங்கே விழும், என்ன சேதம் விளைக்கும் என்று எழுதுபவர் முன்கூட்டியே கணித்திருக்கிறார். பக்தியும் கற்பும் மிக்க தூர்வெல் என்னும் பெண்ணை வீழ்த்திய பின் வால்மோன் தன் தோழிக்கு எழுதும் கடிதத்தைப் படித்தவர்கள், அது காதற் கடிதமா, போர்க்கள அறிக்கையா என ஐயுறுவர். இடத்தைத் தேர்ந்தது, எதிரியை ஓரிடத்தில் ஒதுக்கியது, பின்வாங்கும் வழியை அடைத்தது யாவற்றையும் அவன் பெருந்தளபதிகளின் பெயரைச் சொல்லி ஒப்பிட்டு எழுதுகிறான். இறுதியிலே அவ்விருவரும் ஒருவரோடொருவர் மாறுபடும்போது, சமாதானமா, போரா என அவன் இறுதி நிபந்தனை அனுப்புகிறான். மெர்த்தேய் அம்மையார் அக்கடிதத்தின் அடியிலேயே இரண்டொரு சொற்களிற் போரைத் தேர்ந்து திருப்பியனுப்புகிறார். நாவல் முழுவதிலும் என்னை நடுங்க வைத்தது அந்தச் சிறு மறுமொழியேயாகும். இருபது ஆண்டுகளாகப் போரை எதிர்பார்த்திருந்து ஒரு குண்டையேனும் பகைவன்மீது சுடாத படைவீரர் எழுதிய வரியல்லவா அது! வரவேற்பறைகளின் பட்டுத்திரைக்குப் பின்னே அவர் ஒரு முற்றுகையைக் கண்டார். அதை அளந்து எழுதினார்.

ஆனால் தூர்வெல்லின் வேதனையை எழுதிய கை கணிதக்காரனின் கை மட்டுமன்று. அப்பெண்ணின் கடிதங்களிலே உண்மையான துயரம் இருக்கிறது. அதைக் கேட்கமாட்டாதவர்களே நூலைக் கயவர்களின் கைநூல் என்றார்கள்.

பழி உடனேயே எழுந்தது. நாவலாசிரியை ரிக்கொபோனி அம்மையார், பெண்குலத்துக்கே இழுக்கு விளைத்தீர் எனக் கண்டித்து அவருக்கு எழுதினார். லக்லோ பணிவுடனும் பிடிவாதத்துடனும் மறுமொழி எழுதினார். கிரெனோபிள் நகரத்தாரோ, எந்தப் பாத்திரம் தங்கள் ஊரில் யாரைக் குறிக்கிறது என்று பட்டியலிடத் தொடங்கினார்கள். அவ்வூரிலே பிறந்த நாவலாசிரியர் ஸ்தெந்தால், மெர்த்தேய்க்கு மாதிரியெனப் பேசப்பட்ட கால் சாய்த்து நடக்கும் முதிய சீமாட்டியொருத்தி சிறுவயதிலே தனக்குச் சர்க்கரைப்பாகில் ஊறிய அக்குரோட்டுக் கொட்டைகள் தந்ததைத் தன் வரலாற்றிலே நினைவுகூர்கிறார். படை மேலதிகாரிகளுக்கு இத்தகைய வேடிக்கைகளில் நாட்டமில்லை. பாரிசிலிருந்த கப்டன் உடனே தன் படைப்பிரிவுக்குத் திரும்ப வேண்டுமென உத்தரவு பிறந்தது.

படைச்சாலை வேலைக்காக அவர் மீண்டும் லா ரொஷெலுக்கு வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் கப்பலுக்குக் காத்திருந்த அதே ஊர். இம்முறை அங்கே மாரி சுலான்ஷ் துப்பெரே என்னும் பெண்ணைச் சந்தித்தார். அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அப்பெண் இருபதுகளில் இருந்தாள். திருமணத்துக்கு முன்பே அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நாவலின் பெயரைக் கேட்டிருந்த ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை ஊகிப்பது எளிது. வால்மோனாக இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். லக்லோ 1786இல் அப்பெண்ணைக் கைப்பிடித்து, குழந்தைக்குத் தன் பெயரைக் கொடுத்து, இறக்கும்வரை அவரையன்றி வேறொருவரையும் நினையாமல் வாழ்ந்தார். என் மாணவரின் வினாவுக்கு விடையின் பாதி இதுவென எண்ணுகிறேன்.

மற்றப் பாதியை அவர் 1783இல் எழுதத் தொடங்கிய பெண்கல்வி பற்றிய கட்டுரைகளிலே காணலாம். பெண்களின் கல்வியைச் சீர்திருத்துவது எவ்வாறு என்று ஒரு மாகாணக் கழகம் போட்டி வைத்தது. லக்லோ எழுதிய விடை கழகத்தார் எதிர்பாராதது: அடிமைக்குக் கல்வியளிக்க இயலாது, பெண்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருக்கிறார்கள், அந்நிலையினின்றும் அவர்கள் தாங்களே புரட்சி செய்து வெளிவரவேண்டும் என்பது அதன் கருத்து. நாவலிலே மெர்த்தேய் அம்மையார், ஆண்கள் வகுத்த உலகில் வெல்வதற்காகத் தன்னைத்தானே எவ்வாறு பயிற்றிக்கொண்டார் என்று விவரிக்கும் கடிதத்தை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அந்தக் கொடிய பெண்ணை ஆக்கியது எது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். அக்கட்டுரைகளை அவர் முடிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அவை அச்சேறின.

திருமணமான அதே 1786இல் அவர் இன்னொரு வம்பை விலைக்கு வாங்கினார். நூறாண்டுகளுக்கு முன் பிரான்சின் எல்லையெங்கும் கோட்டைகள் கட்டிய வோபானின் புகழைப் பாடுவோருக்குப் பிரெஞ்சுக் கழகம் பரிசு அறிவித்திருந்தது. வோபான் படைப் பொறியியலாளருக்குக் குலதெய்வம் போன்றவர். லக்லோ கழகத்தினருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, வோபான் தாக்கும் கலையிலே வல்லவர் என்பது மெய். ஆனால் தற்காக்கும் கலையை அவர் அதற்கீடாக வளர்க்கவில்லை. அக்கோட்டைகளிற் கொட்டிய பணம் பெரிது, பயன் சிறிது என வாதித்தார். எக்ஸ் தீவிலே கொத்தளமின்றிக் கட்டிய அனுபவம் அவரை அவ்வாறு பேசவைத்தது. கழகம் முகஞ்சுளித்தது, போரமைச்சர் கண்டித்து அவரை லா ரொஷெலை விட்டுப் படைப்பிரிவுக்கு அனுப்பினார். புதுமணத் தம்பதிகள் பிரிய நேர்ந்தது. நாவலுக்குக் கிடைத்த தண்டனையிலும் கோட்டைக்குக் கிடைத்த தண்டனை கடுமையானது என்பதைப் படிக்கையில் எனக்குச் சிரிப்பு வந்ததுண்டு.

அடுத்த ஆண்டு, பாரிசின் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் ஒழுங்காக இலக்கமிட்டால் அந்நியரும் வழி தவறார் என்று ஒரு திட்டத்தைப் பத்திரிகைக்கு எழுதினார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1788இல் படையை விட்டு விலகி, அரசனின் உறவினரும் எதிரியுமான ஒர்லேயன் கோமகனிடம் செயலாளராகச் சேர்ந்தார். புரட்சியின் முதலிரு ஆண்டுகளில் அவர் நடத்திய அரசியற் சூழ்ச்சிகளைப் பற்றிப் பகைவர்கள் எழுதியவை ஏராளம். அவற்றுள் எது மெய், எது புனைவு என்று பிரிப்பது கடினம். வால்மோனைப் படைத்தவர் என்ற காரணத்தாலேயே பாரிசின் ஒவ்வொரு கலகத்துக்கும் பின்னால் அவர் கையைக் கண்டவர்கள் உண்டு. கோமகனோடு இலண்டனில் சில மாதங்கள் கழித்ததும், திரும்பி வந்து யக்கோபின் கழகத்தின் பத்திரிகையை நடத்தியதும் உறுதியான செய்திகள்.

1792 செப்டெம்பரிலே பிரசியப் படைகள் பாரிசை நோக்கி வந்தன. சாலோன் நகரிலே புதிதாய்த் திரட்டிய தொண்டர்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, தளர்ந்துபோன முதிய மார்ஷல் லுக்னெரிடம் இருந்தது. அவர் அருகிலிருந்து கண்காணிக்குமாறு அரசாங்கம் லக்லோவை அனுப்பிற்று. உணவு, துவக்கு, சப்பாத்து, வண்டி, குதிரை என எதுவும் இல்லாதிருந்த முகாமிலே அவர் இரவு பகலாக உழைத்தார். அம்மாதம் 20ஆந் திகதி வால்மி என்னுமிடத்தில் எதிரி தடுத்து நிறுத்தப்பட்டான். அன்று வெற்றி தந்தது பெரும்பாலும் பீரங்கிகளே, கிரிபோவாலின் பீரங்கிகள். லக்லோ களத்திலில்லை, பின்னணியில் நின்று முன்னணிக்கு ஆள்களையும் பொருள்களையும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய படைவாழ்க்கை முழுவதும் அவ்வாறே அமைந்தது.

வால்மியின் பலனாகவே ஜெனரல் பதவியும், தொடர்ந்து இந்தியக் குடியேற்றங்களின் ஆளுநர் பதவியும் வந்தன. இருபதாம் வயதில் நினைத்த கடற்பயணம் ஐம்பத்தோராம் வயதிற் கைகூடும் போலிருந்தது. 1793 தொடக்கத்தில் இங்கிலாந்தோடு போர் மூண்டது, பயணம் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்கள். அவர் வந்திருந்தால் லாலியைப் போலத் தோற்றுத் திரும்பியிருப்பார், அல்லது இந்த மண்ணிலேயே மடிந்திருப்பார்.

தாயகத்திலே தங்கியதும் பாதுகாப்பாக அமையவில்லை. தளபதி டுமூரியே பகைவரோடு சேர்ந்துகொண்டதும், ஒர்லேயன் கோமகனுக்கு வேண்டியவர்கள் யாவரும் சந்தேகத்துக்குள்ளாயினர். 1793 வசந்தத்தில் லக்லோ சிறைப்பட்டார். சில வாரங்களின் பின் வெளியே விட்டார்கள். அவர் கையில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. அந்நாளிலே பீரங்கிகள் சுட்டது திண்ணிய இரும்புக் குண்டு. அது துளைக்கும், வெடிக்காது. உள்ளே வெடிமருந்திட்ட குடைவுக் குண்டுகளை, வானளாவ எறியும் குட்டைப் பீரங்கிகள் மட்டுமே வீசின. அவற்றால் ஓடும் கப்பலைக் குறிவைத்தல் அரிது. குடைவுக் குண்டை நெடும் பீரங்கியிலிருந்து நேராகச் சுட்டால் மரக்கப்பலின் விலாவிலே புதைந்து வெடிக்கும் என்பது லக்லோவின் எண்ணம். லா பேரிலும் மெயுதோனிலும் சோதனைகள் நடந்தன. அவ்வெண்ணம் முழுமையடைய இன்னொரு பிரெஞ்சுப் பீரங்கி அதிகாரி, பெக்ஸான் என்பவர், 1820களில் வரவேண்டியிருந்தது. 1853இல் சினோப் துறைமுகத்திலே உருசியர் இத்தகைய குண்டுகளால் துருக்கிக் கப்பற்படையை எரித்தபோது மரக்கப்பல்களின் யுகம் முடிந்தது.

அவ்வாண்டு நவம்பரிலே ஒர்லேயன் கோமகனின் தலை உருண்டது. லக்லோ மீண்டும் சிறைக்குள் இருந்தார். பிக்புஸ் என்னுமிடத்திலுள்ள காவல் இல்லத்திலே அவர் கழித்த மாதங்கள் கொடியவை. 1794 கோடையிலே கில்லட்டினுக்கு இரையான 1300 பேரின் உடல்களை அவ்விடத்துத் தோட்டத்திலேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். அங்கிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் காக்கப்பட்டுள்ளன. குழந்தைகளின் உடல்நலம், வீட்டுச்செலவு, துணிமணி, மனைவியின் ஏக்கத்தைத் தணிக்கும் சிறு வேடிக்கைகள். இவையே அவற்றின் பொருள். கடிதத்தை ஆயுதமாக்கிய நாவலாசிரியர் தம் சொந்தக் கடிதங்களில் ஓர் ஆயுதத்தையும் கையாளவில்லை. அவர் தலை தப்பியது ஏன் என்பதற்கு ஆராய்ச்சியாளர் பல காரணங்கள் காட்டுவர்; குடைவுக் குண்டு அவற்றுள் ஒன்று. 1794 டிசெம்பரில் விடுதலையானார்.

பின் சில ஆண்டுகள் ஈட்டுப் பதிவு அலுவலகமொன்றிலே எழுதுகோல் ஓட்டினார். 1799 நவம்பரில் பொனபார்ட் ஆட்சியைக் கைப்பற்றினார். பீரங்கிக்காரர் பீரங்கிக்காரரை அறிவர். 1800 சனவரியிலே லக்லோ பீரங்கிப்படையின் பிரிகேடியர் ஜெனரலாக மீண்டும் சீருடை அணிந்தார். படைப்பிரிவிற் சமகாலத்தவர் பலர் ஓய்வு பெற்றோ இறந்தோ போயிருந்தனர். அவ்வாண்டு ரைன் படையோடு சென்று, ஐம்பத்தெட்டாம் வயதிலே, வாழ்க்கையில் முதன்முறையாகப் போர்க்களத்தில் எதிரியின் குண்டோசை கேட்டார். பாடசாலையை விட்டு முப்பத்தொன்பது ஆண்டுகளாயிருந்தன. மனைவிக்கு எழுதிய கடிதங்களில் ஓர் இளைஞனின் உற்சாகம் தெரிகிறது.

பின்னர் இத்தாலியிலே பீரங்கிச் சேமப்படைக்குத் தலைமை வகித்தார். மிலான் நகரின் ஸ்காலா அரங்கிலே பதினேழு வயதான இளைஞர் ஒருவரை அவருக்கு அறிமுகப்படுத்தினார்கள். அவரே முன்னர் கூறிய ஸ்தெந்தால். இளைஞரின் ஊர் கிரெனோபிள் என்று கேட்டதும் முதிய தளபதியின் உள்ளம் நெகிழ்ந்ததாம். பிரெஞ்சு நாவலின் இரு நூற்றாண்டுகள் ஓரரங்கிலே கைகுலுக்கிக்கொண்ட அந்த மாலையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அக்காலத்திலேதான், குடும்பத்துக்கு வெளியே இன்பமில்லை என்பதைக் காட்டும் மற்றொரு நாவல் எழுத வேண்டுமென்ற ஆசையை அவர் மனைவிக்குத் தெரிவித்தார். அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. மகிழ்ச்சியான வீட்டைப் பற்றி நாவல் எழுதுவது முற்றுகையைப் பற்றி எழுதுவதிலும் கடினம்.

1802இல் ஆமியென் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைக் கரையோரத்தை ஆங்கிலேயருக்கு உறுதியாக்கிய அந்த உடன்படிக்கை, லக்லோவின் பிறந்த ஊரிலேயே எழுதப்பட்டது. ஓராண்டு கடந்து சிறிது காலத்திலேயே அது முறிந்தது. இத்தாலியின் தென்கோடியிலுள்ள தாரந்தோ துறைமுகத்தைக் காக்கப் படையொன்று போயிற்று; அதன் பீரங்கிகளுக்குத் தலைமை தாங்க லக்லோ அனுப்பப்பட்டார். கோடை வெப்பமும் சீதபேதியும் அறுபத்தொரு வயது உடலை வீழ்த்தின. 1803 செப்டெம்பர் 5ஆந் திகதி, புனித பிரான்சிசு மடத்திலே, படுக்கையிற் கிடந்தவாறே பொனபார்ட்டுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்தார். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அவர் பாதுகாப்பில் ஒப்படைப்பதே அதன் சாரம். அன்றே உயிர் பிரிந்தது.

துறைமுக வாயிலிலுள்ள சான் பாவுலோ என்னும் சிறு தீவின் கோட்டையிலே அவரை அடக்கம் செய்து, அக்கோட்டைக்கு அவர் பெயரையே இட்டார்கள். 1820களிலே பாரிசு நீதிமன்றம் அவர் நாவலை அழிக்கும்படி தீர்ப்பளித்தது. நாவல் அழியவில்லை, 1959இலும் 1988இலும் திரைப்படமாகவும் வந்தது. கல்லறைக்கு அந்தப் பேறில்லை. நெப்போலியன் வீழ்ந்து பூர்போன் அரசர் மீண்டதும் அது உடைக்கப்பட்டது. எலும்புகள் எங்கே போயின என்பதைச் சொல்வார் இல்லை.